எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வந்த கதை

"அம்மாச்சி, இந்தத் தடவை பிறந்தநாளுக்குப் பட்டுப் பாவாடை எல்லாம் வேண்டாம். ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடு!"

பன்னிரண்டு வயதுப் பேத்தி இப்படிக் கேட்டால் எந்தப் பாட்டிதான் திடுக்கிடமாட்டாள்? அடுப்பில் ரசம் நுரைத்து வந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றுவிட்டேன். கொதித்த ரசத்தை அன்று யாரும் வாயில் வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"துப்பாக்கியா? இந்த வீட்டிலே உன் அம்மாச்சி வாய் ஒண்ணு இருக்கே, போதாதா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் எங்கள் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே வேடிக்கைதான். எனக்கு அப்படி இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வாங்கினாரே, அதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து இவளுக்கு இந்தப் பித்து. நம் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிள் சுடுகிறவர் என்று தெரிந்ததும் பித்து இரட்டிப்பாயிற்று. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி ரைஃபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறாளாம். இவளும் அங்கே போய் வந்துகொண்டிருந்தாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அழைத்துப் போவது என் பொறுப்பு. முதல் நான்கு மாதம் நான் வாசல் பெஞ்சியோடு சரி. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் வயிற்றில் ஏதோ ஒன்று புரளும். கையில் இருக்கிற வாரப் பத்திரிகையில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

அந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1980, மே மாதம். லால்குடிப் பக்கம் எங்கள் கிராமத்து வீடு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் விடுமுறைக்கு வரும்போது ஏர் கன் ஒன்று கொண்டுவந்தான். குழலை மடக்கி, ஓர் ஈயக் குண்டைச் சொருகி, 'டக்'கென்று நிமிர்த்திச் சுடுகிற வகை. எனக்குப் பன்னிரண்டு வயது. தம்பிக்கு ஒன்பது. கொல்லையில் துணி துவைக்கிற கருங்கல்லின் மேல் காலிப் பால் பவுடர் டின்னை வைத்து, அண்ணன் இரண்டு தடவை சுட்டான். பிறகு என்னிடம் கொடுத்தான். என் முதல் குண்டு எங்கே போயிற்றோ தெரியாது. இரண்டாவது, கல்லின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. கல்லிலிருந்து நாலடி தள்ளித் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டிருந்த தம்பி, "அம்மா" என்றான். கத்தக்கூட இல்லை. ஏதோ கூப்பிடுகிற மாதிரி சொல்லிவிட்டு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் செய்தது எல்லாமே தப்பு. அப்பத்தா தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்தார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். துணியை மடித்து அழுத்திக் கட்டினார்கள். திருச்சிக்கு அழைத்துப் போனபோது மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. கண்ணில் குத்துப்பட்டால் தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, எதையும் விடக் கூடாது. காகிதக் கோப்பை மாதிரி ஏதாவது ஒன்றைக் கண்ணை அழுத்தாமல் மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று யாருக்குத் தெரியும்? அடிபட்ட கண்ணை அப்படியே விட்டால் நல்ல கண்ணுக்கும் ஆபத்து வரலாம் என்று டாக்டர் சொல்லி, பதினோராவது நாள் எடுத்துவிட்டார்கள்.

அம்மா ஊரில் எல்லோரிடமும் சொன்னது: "கிட்டிப்புள் அடிச்சுடுச்சு." ஒரு பெண் குழந்தை துப்பாக்கியால் தம்பி கண்ணைப் பறித்தாள் என்று பேர் வந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மாவுக்குப் பயம். தம்பியும் அதையே சொல்லப் பழகிக்கொண்டான். அவன் மனைவிக்குக்கூடக் கிட்டிப்புள்தான். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே கிடையாது. ஒரு தடவைகூட! ரயில்வே வேலைக்கு மெடிக்கலில் தள்ளிவிட்டார்கள் என்று அவன் திரும்பி வந்த அன்று நான் நெல்லைப் புடைத்துக்கொண்டே இருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

இப்போது சொல்லுங்கள், நான் எந்தக் கையால் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பேன்?

கிளப்பில் பயிற்சி கொடுக்கிற பெண் சின்ன வயசு, முப்பதுக்குள்தான் இருக்கும். ஒரு நாள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, ஆறு மாதத்துக்கு எதுவும் வாங்காதீங்க. கிளப் ரைஃபிளே போதும். அதுக்குள்ள பாதிப் பிள்ளைங்களுக்கு ஆசை விட்டுப்போயிடும்" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் எங்கள் வாண்டுக்கு ஆசை விடவில்லை. ஆறு மாதமும் கழிந்தது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பேத்தி வலது தோளில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, கழுத்தைக் கோணிக் கோணி இடது கண்ணால் பார்க்கிறாளாம். அந்தப் பெண் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தாள். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்துச் சின்னதாக ஒரு முக்கோண ஓட்டை செய்துகொள்ளுங்கள். அதன் வழியே சுவர்க் கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் ஓட்டையை விட்டு ஓடிவிடுகிறதோ, அதுதான் உங்களுக்கு ஆளுகிற கண். வலது கைக்காரர்கள் எல்லோருக்கும் வலது கண்தான் ஆளும் என்பதில்லை. பேத்திக்கு எழுதுவது வலது கை, ஆளுவது இடது கண். "புதுசா கத்துக்கிற பிள்ளைதானே, இடது தோளுக்கே மாத்திக்கலாம்" என்று அந்தப் பெண் சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஆக, வாங்குகிற துப்பாக்கியின் கட்டை இரண்டு தோளுக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு இரவு யாரிடம் யோசனை கேட்பது என்று புரண்டு புரண்டு படுத்தேன். திருச்சியிலேயே தம்பிக்கு வாட்ச் ரிப்பேர் கடை. இடது கண்ணில் பூதக் கண்ணாடியைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தால் தலைமயிரைவிட மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டிவிடுவான். எந்திரம் என்றால் அவன்தான். ஆனால் இதை அவனிடம் போய்... காலையில் நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தியே போன் செய்துவிட்டாள். "கூலிங்கிளாஸ் தாத்தா, துப்பாக்கி பார்க்க வர்றீங்களா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சனிக்கிழமை கடை லீவு விடறேன் பாப்பா" என்றான்.

கடைக்கு நான்கு பேரும் போனோம். உள்ளே கண்ணாடி அலமாரியில் இரட்டைக் குழல் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. எங்கள் வீட்டுக்காரருக்கு அவருடைய நண்பர் ஒருவர், ".22 வாங்குங்க, அதுதான் அசல் ரைஃபிள்" என்று ஓதி அனுப்பியிருந்தார். கடைக்கார பெரியவர் சிரித்தார். "ஐயா, அது வெடிமருந்து போட்ட தோட்டா. லைசென்ஸ் இல்லாம தொடக்கூட முடியாது. பார்க்கத்தான் சின்னது. தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் தூரம் போகும்னு எச்சரிக்கை போட்டிருப்பான். பத்து மீட்டர்ல காகிதம் சுடறதுக்கு எதுக்கு?" என்றார். என் மனசுக்குள் அவருக்கு ஒரு நமஸ்காரம் போட்டேன்.

காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாத எல்லை உண்டு: குழல் .177, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. விசை 20 ஜூலைத் தாண்டக் கூடாது. போட்டிகளில் சுடுவதும் இதே 4.5 மில்லிமீட்டர்தான். குண்டு அரை கிராம் சொச்சம். அந்த அரை கிராம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடைப்பையன் ஆர்வமாக ஒன்றை எடுத்து வைத்தான். கறுப்பாக, பளபளவென்று, மேலே ஒரு தொலைநோக்கி. "நொடிக்கு 1000 அடி வேகம் மேடம்! இதைத்தான் எல்லாரும் வாங்கறாங்க!" வேகம் யாருக்கு வேண்டும்? பெரிய பெரிய போட்டி ரைஃபிள்களே நொடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் குண்டை அனுப்புகின்றன; அடிக் கணக்கில் 600-ஐத் தொடாது. காகிதத்தில் ஓட்டை போட அதுவே அதிகம் என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். வேகத்தைச் சொல்லி விற்பது, புடவைக் கடையில் ஜரிகையைக் காட்டிச் சாயத்தை மறைக்கிற கதைதான்.

அது ஸ்பிரிங் துப்பாக்கி. குழலை மடக்கும்போது உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் சுருங்கும். சுட்டால் அது விடுபட்டுக் காற்றைத் தள்ளும். பேத்தி மடக்கிப் பார்த்தாள். முகம் சிவந்ததே ஒழியப் பாதிதான் வந்தது. கை வழுக்கினால் குழல் திரும்ப அடித்து விரலை நசுக்கிவிடும் என்று பெரியவர் உடனே வாங்கிக்கொண்டார். தம்பி அதைக் கையில் எடுத்தான். காதருகே வைத்துக்கொண்டு விசையை லேசாகத் தொட்டான். வாட்ச்சை வைத்துக் கேட்பானே, அதே மாதிரி.

"இதுல மணல் இருக்கு அக்கா," என்றான்.

"மணலா? புதுசு சார்!" என்றான் பையன்.

"மணல் இல்லப்பா, மணல் மாதிரி. விசை வழுவழுன்னு வரல. நடுவுல நறநறங்குது. புள்ளை விரல் எதிர்பார்க்கிற நேரத்துல இது விடாது. அப்புறம், ஸ்பிரிங் விடுபடறப்ப மொத்தச் சாமானும் முன்னாலேயும் பின்னாலேயும் உதறும். குண்டு குழலை விட்டு வெளியே போறதுக்குள்ள உதறிடும். பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு வேற இடத்துக்குப் போகும்."

பெரியவர் தம்பியை ஒரு மாதிரி பார்த்தார். "சரியாச் சொன்னீங்க. முன்னாடி சுட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க," என்றான் தம்பி. கூலிங்கிளாஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அமைதியாகச் சொன்னான்: "இந்தக் கண்ணு போனதே ஏர் கன்னாலதான். சின்ன வயசுல."

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷமாக அவருக்கும் கிட்டிப்புள் கதைதான். நான் அலமாரியைப் பார்த்தேன். பேத்தி மட்டும், "கல்லுல பட்டுத் திரும்பிச்சா தாத்தா? அதனாலதான் எங்க கிளப்ல எல்லாரும் கண்ணாடி போடணும். பின்னால தகரப் பொறி வெச்சிருக்காங்க, குண்டு திரும்பி வராம உள்ளேயே விழுந்துடும்" என்றாள். குழந்தைகளுக்குத்தான் எத்தனை சுலபமாக வருகிறது!

பிறகு எடுத்து வைத்தது வேறு வகை. குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர். அதில் முன்கூட்டியே அழுத்தமாகக் காற்றை அடைத்துவைத்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சுடும். ஸ்பிரிங் கிடையாது, உதறல் கிடையாது, மடக்குவதற்குப் பலம் வேண்டாம். பெரிய போட்டிகளில் எல்லோரும் வைத்திருப்பது இந்த வகைதான். ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்றால் விலை லட்சங்களில். அதெல்லாம் நமக்கு எதற்கு? நம் நாட்டிலேயே செய்கிறார்கள். ஆனால் இதிலும் தொல்லை உண்டு. காற்று அடைக்க வண்டி டயருக்கு அடிக்கிற பம்ப் உதவாது. 200 பார் அழுத்தம் வேண்டும். அதற்கென்று தனிப் பம்ப் வாங்கி இடுப்பு ஒடிய அடிக்க வேண்டும், அல்லது கிளப்பில் நிரப்பிக்கொள்ள வேண்டும். சிலிண்டருக்கு ஆயுள் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரையே தேதி பார்த்து வாங்குகிறவள் நான். இதைக் கேட்காமல் விடுவேனா?

அதிலும் இரண்டு தினுசு. ஒன்றில் பத்துக் குண்டுகளை மொத்தமாக அடைத்துக்கொண்டு வரிசையாகச் சுடலாம். மற்றதில் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குண்டை விரலால் எடுத்து வைக்க வேண்டும். பேத்திக்குப் பத்துக் குண்டின் மேல் கண். தம்பி ஒரே பிடியாக நின்றான். "ஒத்தைக் குண்டுதான் பாப்பா. ஒவ்வொண்ணும் வைக்கிறப்ப, யார் எங்க நிக்கறாங்கன்னு ஒரு தடவை பார்ப்பே இல்ல?"

நான் அந்த நேரம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் தையல்காரரிடம் அளவு கொடுப்பது போல் ஒரே அளவெடுப்புதான்! கட்டையின் அடிப்பாகத்தை முழங்கையின் உள்மடிப்பில் வைத்தால் விரல் விசைக்கு எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் நீளத்தைக் குறைக்க வசதி இருக்க வேண்டும்; வளருகிற பெண், வருஷா வருஷம் கூட்ட வேண்டியிருக்கும். கன்னம் வைக்கிற இடம் ஏற்றி இறக்க வர வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும். எடை? போட்டியில் ஐந்தரை கிலோ வரை அனுமதி. பன்னிரண்டு வயசுக் குழந்தைக்கு அது அரிசி மூட்டை. நின்றுகொண்டு, இடது தோளில் வைத்து, வலது முழங்கையை இடுப்பு எலும்பில் ஊன்றிக்கொண்டு தாங்க வேண்டும். கை பலத்தால் தூக்கினால் முதுகுதான் கூன் விழும். நாங்கள் எடுத்தது மூன்றரை கிலோவுக்குள். தொலைநோக்கி வேண்டாம் என்று கழற்றச் சொல்லிவிட்டு, பின்னால் ஒரு சின்னத் துவாரம், முன்னால் ஒரு வளையம் என்று போட்டுக்கொண்டோம். துவாரத்துக்குள் வளையம், வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம். தம்பி அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம கடைக் கண்ணாடி மாதிரியே இருக்கு" என்று சந்தோஷப்பட்டான்.

குண்டுகளிலும் தட்டை மூக்கு, கூர் மூக்கு என்று இருக்கின்றன. காகிதத்துக்குத் தட்டை மூக்குதான். வட்டமாகச் சுத்தமாக வெட்டும், எண்ணிக்கை பார்க்கச் சுலபம். எல்லாமே ஈயம். அதனால் குண்டை வாயில் வைத்துக்கொள்வது, சுட்டுவிட்டு அதே கையால் பிஸ்கட் சாப்பிடுவது எல்லாம் கூடவே கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் டிபன் டப்பா திறக்கலாம் என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன்.

அடையாள அட்டை நகல் வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டு பில் போட்டார்கள். நெஞ்சு திக்கென்றது. அரை லட்சத்தைத் தாண்டிவிட்டது! மாப்பிள்ளை கொடுத்ததுபோக மீதிக்கு என் சீட்டுப் பணம். வளையல் மாற்ற வைத்திருந்தது. போகட்டும்.

திரும்பும் வழியில் காபி சாப்பிட இறங்கினோம். வீட்டுக்காரரும் பேத்தியும் உள்ளே போக, தம்பியும் நானும் வெளியே நின்றோம். நாற்பது வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்தது, எப்படியோ வாய்க்கு வந்துவிட்டது.

"நான்தானேடா..."

"அக்கா, அண்ணன் 'போதும், வெயில்'னு துப்பாக்கியை வாங்க வந்தான். நான்தான் 'அக்கா இன்னொண்ணு சுடட்டும்'னு கத்தினேன். உனக்கு ஞாபகம் இல்லையா?"

எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக இல்லை. அவன் ஆறிப்போன காபியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, "வெயில்ல நிக்காதே, தலை சுத்தும்" என்றான். அவ்வளவுதான் பேசினோம்.

துப்பாக்கியை வீட்டில் வைப்பதில்லை என்று நான்தான் தீர்மானித்தேன். மொட்டை மாடியில் பத்து மீட்டர் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் அளந்து பார்த்தார். பக்கத்து மாடியில் வடாம் காயவைக்க வருகிறவர்கள் இல்லையா? கிளப் லாக்கரில் பூட்டி, சாவி என் முந்தானையில். குண்டு டப்பா தனியாக என் பீரோவில். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை.

முதல் ஞாயிறு, நான் முதன்முதலாக உள்ளே போனேன். இலக்கு அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கறுப்பு வட்டம் மொத்தமே 30.5 மில்லிமீட்டர். பத்து மதிப்பெண்ணுக்கு உரிய நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சின்னது! இதைப் பத்து மீட்டர் தூரத்திலிருந்து அடிக்க வேண்டுமாம். பேத்தி மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்தி, விரலின் நுனிச் சதையால் மெதுவாக அழுத்தினாள். இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. ஒரு கண்ணை இறுக்கி மூடினால் மற்றதும் களைத்துவிடுமாம். அந்தப் பத்து நொடிகளில் அவள் முகத்தில் இருந்த அமைதியை நான் வீட்டுப் பாடம் எழுதும்போது ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிறகு தம்பி சுட்டான். அவனுக்கு இருக்கிற கண்ணும் இடதுதானே. இரண்டு தோளுக்கும் பொருந்துகிற அந்தக் கட்டை அவனுக்கும் பொருத்தமாகிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லி நானே எடுத்துக் கொடுத்தேன். ஐந்து குண்டு. ஐந்தும் கறுப்புக்குள். "என்ன சார், இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றாள் பயிற்சிப் பெண்.

"அம்மாச்சி, நீயும்!" என்று பேத்தி பிடித்துக்கொண்டாள். உத்தரப் பிரதேசத்தில் ஜோஹ்ரி கிராமத்தில் சந்திரோ தோமர் என்று ஒரு பாட்டி இருந்தாராம். பேத்திக்குத் துணையாகப் பயிற்சிக்குப் போனவர், 1999-இல், அறுபது வயதுக்கு மேல், தானே துப்பாக்கியை எடுத்துப் பேர் வாங்கினாராம். 2021-இல் காலமாகும்வரை 'ஷூட்டர் தாதி' என்றுதான் கூப்பிட்டார்களாம். இவள் எங்கேதான் இதையெல்லாம் பிடிக்கிறாளோ!

எல்லோரையும் எனக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னேன். திரும்பி ஒரு தடவை எண்ணினேன். பேத்தி, வீட்டுக்காரர், பயிற்சிப் பெண், தம்பி. பிறகுதான் குண்டை வைத்தேன். என் விரல் நடுங்கியதில் குண்டு வைக்கவே மூன்று தடவை ஆயிற்று. ஐந்து சுட்டேன். அட்டையில் மூன்று ஓட்டைதான் இருந்தது. மற்ற இரண்டும் எங்கே போயின என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். பயிற்சிப் பெண் சிரிக்காமல், தகரப் பொறியைத் திறந்து, நசுங்கிக் கிடந்ததை எல்லாம் கையில் கொட்டிக் காட்டினாள். எத்தனையோ பேர் சுட்டது. அதில் என்னுடையது எது என்று யார் கண்டார்கள்? ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டை இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. நாளை ஞாயிறு. ஏழு மணிக்கெல்லாம் தம்பி வந்துவிடுவான், இந்த வாரம் மனைவியையும் அழைத்துக்கொண்டு. இட்லிக்குப் போட்டது போதாது. இன்னும் இரண்டு ஆழாக்கு ஊறப்போட வேண்டும்.